கடலிலிருந்து உலைக்கு வரும் நீர்: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பல்தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றில் நீரேற்றுப் பொறிகளையும் வெப்பப் பரிமாற்றத்தையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கல்பாக்கத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் குடியிருக்கிறேன். அணுமின்சாரம் நாட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இம்மடலில் எழுப்பவில்லை. வாரியத்தின் சட்ட அந்தஸ்து பற்றியும், அதன் தன்னாட்சி பற்றியும் 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை வெளியான காலந்தொட்டு நடந்துவந்த விவாதத்துக்குள்ளும் இங்கே புகவில்லை. உலைகள் இயங்குகின்றன. இயங்கும்வரை மட்டுமல்லாமல், நிறுத்தப்பட்ட பிறகும் பல ஆண்டுகளுக்கு அவற்றுக்குக் குளிர்நீர் வேண்டும். அந்த நீரைக் கொண்டுவரும் அமைப்பைத் தாங்கள் எவ்வாறு கண்காணிக்கிறீர்கள், கண்காணித்ததில் என்ன கண்டீர்கள், கண்டதற்கு நிலையத்தார் என்ன மறுமொழி தந்தார்கள் என்பதை நிலையம் நிலையமாகப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கடலோர அணுமின் நிலையத்துக்குள் வரும் கடல்நீருக்கு இரண்டு வேலைகள் உண்டு. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சரைக் குளிர்விப்பது முதல் வேலை. உள்ளே வரும் நீரில் மிகப் பெரும் பங்கு இதற்கே போகிறது. அது நின்றால் மின்னுற்பத்தி நிற்கும், பணம் நட்டமாகும். இரண்டாம் வேலைக்குப் போவது அதில் சிறு பங்குதான். உலையின் சாதனங்களைச் சுற்றிவரும் மூடிய நீர்ச்சுற்றிலிருந்து வெப்பப் பரிமாற்றிகள் வழியே வெப்பத்தை வாங்கி, அதைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் பணி. செய்திகளில் பேசப்படுவது பெரும்பாலும் முதல் நீரைப் பற்றித்தான். மக்களின் உயிரோடு தொடர்புடையது இரண்டாவது.

உலையை நிறுத்திய கணத்தில் அணுப்பிளவு நின்றுவிடுகிறது. ஆனால் பிளவினால் எரிபொருளுக்குள் பிறந்த தனிமங்கள் சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் நிற்பதில்லை. நிறுத்திய உடனே முழுத் திறனில் 6 முதல் 7 விழுக்காடு. ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. ஒரு நாள் கழித்தும் அரை விழுக்காடு. கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத் திறன் 3000 மெகாவாட் என்பதால், அந்த அரை விழுக்காடு 15 மெகாவாட் ஆகிறது. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்ன சொல் இதற்குப் பொருந்தும் என்றாலும், ஒரு வேறுபாடு உண்டு: இந்த நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றிக்கொண்டே இருக்கத்தான் முடியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இம்மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு, அதாவது இரண்டாவது உலை, ஓடிக்கொண்டிருந்தது. முதல் அலகு குளிர்விப்புக் குழாய்களை மாற்றும் பெரும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் கடற்கரையில் வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டவர்கள் மனத்தில் கொண்டது புயல் அலையை. சுனாமியை அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நிலத்தின் மேல் ஏறிவந்த அலை நிலையத்தின் முதன்மைக் கட்டடங்களைத் தொடவில்லை. ஆனால் கடலுக்கும் நிலையத்துக்கும் நடுவே நாமே தோண்டிவைத்த ஒரு வழி இருந்தது. கடலுக்குள் நிற்கும் நீர்வாங்கு கட்டமைப்பிலிருந்து கடற்படுகைக்கு 53 மீட்டர் கீழே, 468 மீட்டர் நீளமும் 3.8 மீட்டர் விட்டமும் கொண்ட சுரங்கம் ஒன்று கரையிலுள்ள பம்பு நிலையத்துக்கு வருகிறது. கடல் உயர்ந்தபோது அந்தச் சுரங்கத்தின் மறுமுனையிலும் நீர் உயர்ந்தது. கண்டென்சருக்கு நீர் இறைக்கும் பம்புகள் உள்ளிட்டு, அங்கிருந்த கடல்நீர் பம்புகளில் பெரும்பாலானவை மூழ்கிச் செயலிழந்தன. பணியிலிருந்தவர்கள் காலந்தாழ்த்தாமல் உலையை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் குடும்பத்தார் குடியிருப்பில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தெரியாமலே அன்று பணியிடத்தை விட்டு நகராமல் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்தக் கடற்கரை கடன்பட்டிருக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2005 ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 2 வரை, அணுமின் நிலையங்களுக்கு வெளியிலிருந்து வரும் வெள்ள அபாயங்கள் குறித்துப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் பயிலரங்கு கல்பாக்கத்திலேயே நடைபெற்றது. உலகம் இந்த ஊருக்கு வந்து பாடம் கேட்ட நாள்கள் அவை. ஆறு ஆண்டுகள்கூட நிறைவடையாமல், 2011 மார்ச் 11 அன்று, ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் விபத்து நடந்தது.

விபத்து நடந்த ஃபுகுஷிமா தாய்ச்சி நிலையத்தைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். அங்கே கடல்நீர் பம்புகள் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தன. வந்த சுனாமி அலை 14, 15 மீட்டர். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபுகுஷிமா தாய்னி நிலையத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவேண்டும் என்று நான் கருதுகிறேன். தாய்னியில் வெளியிலிருந்து வரும் மின்தடங்களில் ஒன்று உயிரோடு இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரிந்தது. அளவிகள் வேலை செய்தன. இவ்வளவும் இருந்தும் நான்கு உலைகளில் மூன்றில் வெப்பத்தைக் கடலுக்கு அனுப்ப வழியில்லாமல் போயிற்று, ஏனெனில் கரையோரப் பம்புகளின் மோட்டார்கள் நீரில் மூழ்கிவிட்டன. மாற்று மோட்டார்களை வெளியூர்களிலிருந்து தருவித்து, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிளைக் கையால் இழுத்துப் பதித்து, மார்ச் 15-க்குள் நான்கு உலைகளையும் குளிர்நிலைக்குக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்களுக்குத் தாய்னி தரும் விடை இது. மின்சாரம் இருந்தாலும், அதை வாங்கிச் சுழல ஒரு மோட்டார் உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் தகடு முறிந்து தீப்பற்றியபோது, நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் கிடந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக் கொண்டு நீராவி உற்பத்திக் கலங்களுக்கு நீர் ஏற்றித்தான் உலையைக் காப்பாற்றினார்கள். 1994 ஜூனில் பெய்த பெருமழையில் குஜராத்தின் கக்ரபார் அணுமின் நிலையத்தில் ஏரி நீர் டர்பைன் கட்டடத்துக்குள் புகுந்தது. தாய்னி, நரோரா, கக்ரபார் என மூன்று நிகழ்வுகளிலும் வந்த ஆபத்து வேறு வேறு. ஆனால் காப்பாற்றிய கேள்வி ஒன்றே: எந்த பம்பு இன்னும் ஓடுகிறது, அதற்கு எங்கிருந்து தண்ணீர் எடுப்பது?

அலையும் தீயும் வெள்ளமும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். அவை வந்தால் செய்தியாகும், குழு அமைக்கப்படும், அறிக்கை வரும். இம்மடலை நான் எழுதத் தூண்டியது வேறொன்று; அது சத்தமில்லாமல் குழாய்க்குள் வளர்வது.

பல ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு கடலோர ஆலை ஒன்றுக்குப் போயிருந்தேன். அணுமின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பராமரிப்புக்காக வெப்பப் பரிமாற்றி ஒன்றின் மூடியைக் கழற்றினார்கள். அதற்கு முந்தைய நாள்வரை நீரோட்ட அளவி சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். உள்ளே குழாய்களில் மூன்றில் ஒரு பங்கின் வாயை ஆளி என்னும் சிப்பிவகையின் ஓடுகள் அடைத்திருந்தன. மிச்சமிருந்த குழாய்களின் உட்புறம் வழவழவென்று ஒரு படலம். நீர் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் வெப்பத்தை வாங்காமல் போய்க்கொண்டிருந்தது. நீரோட்டமும் குளிர்விப்பும் ஒன்றல்ல என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதிய எனக்கே அன்றுதான் அது கண்ணெதிரில் விளங்கியது.

அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்து அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் 1980 செப்டம்பரில் இதேதான் தெரியவந்தது. நிலையத்திலேயே தங்கிப் பணிபுரியும் ஒழுங்குமுறை ஆணைய ஆய்வாளர், உலைக் கூடத்தைக் குளிர்விக்கும் சாதனங்களுக்குப் போதிய நீர் போகவில்லை என்பதைக் கண்டறிந்தார். திறந்து பார்த்தபோது ஆசிய மட்டிகள் அவற்றை அடைத்திருந்தன. மறு ஆண்டு வட கரோலினாவின் பிரன்ஸ்விக் நிலையத்தில் சிப்பி ஓடுகள் சேர்ந்து, வெப்பப் பரிமாற்றியின் உள்ளே நீரைப் பிரித்து அனுப்பும் தகடே வளைந்துபோய், நீர் குழாய்களுக்குள் செல்லாமல் குறுக்கு வழியில் வெளியேறியது. இவற்றோடு வேறு பல நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம், 1989 ஜூலை 18 அன்று எல்லா அணுமின் நிலையங்களுக்கும் 89-13 என்ற எண்ணிட்ட பொதுக் கடிதம் ஒன்றை அனுப்பியது. நீர்வாழ் உயிர்கள் படிவதைக் கண்காணித்துக் கட்டுப்படுத்துங்கள்; பாதுகாப்போடு தொடர்புடைய வெப்பப் பரிமாற்றிகள் உண்மையிலேயே வெப்பத்தைக் கடத்துகின்றனவா என்று சோதியுங்கள்; குழாய்களின் அரிப்பையும் படிவையும் தவறாமல் ஆராயுங்கள்; ஏதேனும் ஒரு சாதனம் செயலிழந்தாலும் அமைப்பு தன் வேலையைச் செய்யும் என்பதை உறுதிப்படுத்துங்கள்; பணியாளர்களின் பயிற்சியையும் நடைமுறைகளையும் சரிபாருங்கள் என்று அது கேட்டது. அந்தக் கடிதமும், நிலையங்கள் எழுதிய மறுமொழிகளும் இன்றும் எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய பொது ஆவணங்கள். அமெரிக்க ஒழுங்குமுறையை நான் குறையற்றதாகக் கருதவில்லை; இந்த ஒன்றில் அவர்கள் சரியாகச் செய்தார்கள் என்று கருதுகிறேன்.

கல்பாக்கத்தில் இந்தச் சிக்கல் அறியப்படாததன்று. அச்சுரங்கத்துக்குள் பச்சை ஆளியும், பாறைகளிலும் படகடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசும் எப்படி வளர்கின்றன, குளோரின் எவ்வளவு இட்டால் அவை ஒட்டாமல் இருக்கும், ஜெல்லி மீன்கள் கூட்டமாக வந்து சல்லடைகளை அடைக்கும் காலம் எது என்பவை பற்றிக் கல்பாக்கத்து விஞ்ஞானிகளே பன்னாட்டு ஆய்விதழ்களில் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். உலகெங்கும் கடல் உயிரியலாளர்கள் மேற்கோள் காட்டும் பணி அது. ஜெல்லி மீனை எங்கள் பக்கம் சொறி என்பார்கள். சொறி எந்தக் காற்றுக்கு வரும், எப்போது கரையொதுங்கும் என்று மெய்யூர்குப்பத்திலும் உய்யாலிகுப்பத்திலும் வலை போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் டார்னஸ் நிலையத்தை 2011-இலும், ஸ்வீடனின் ஆஸ்கர்ஷாம் நிலையத்தை 2013-இலும் ஜெல்லி மீன்கள் நிறுத்தவைத்தன. பிரான்சின் க்ருவாஸில் 2009 டிசம்பரில் ஆற்றில் மிதந்துவந்த தாவரக் குப்பை ஓர் உலையின் குளிர்நீர் வழியையே முற்றிலும் அடைத்தது. அறிவு நம்மிடம் இருக்கிறது. அந்த அறிவு ஒழுங்குமுறையின் கேள்வித்தாளில் எந்த வடிவில் இடம்பெற்றிருக்கிறது என்பதைத்தான் குடிமகனால் பார்க்க முடியவில்லை.

தங்கள் வாரியம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செயல்பாட்டு உரிமம் 5 ஆண்டுகளுக்கு என வரையறுக்கப்படுகிறது. 10 ஆண்டுக்கு ஒருமுறை முழுமையான பாதுகாப்பு மறு ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர்கள் நிலையங்களுக்குப் போகிறார்கள். ஃபுகுஷிமாவுக்குப் பின் தாங்கள் அமைத்த குழுவின் பரிந்துரைப்படி, வெளியிலிருந்து உலைக்கு நீர் செலுத்த இணைப்பு முனைகள் அமைக்கப்பட்டன. கல்பாக்கத்தில் தங்களுக்கென்றே ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. ஆனால் இவற்றின் விளைவு ஆண்டறிக்கையில் சில வரிகளாகச் சுருங்கி வருகிறது. "பாதுகாப்பு அமைப்புகள் திருப்திகரமாக உள்ளன" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைப் படிக்கும் பொறியாளனுக்கு அதிலிருந்து எதையும் சரிபார்க்க இயலாது. படிக்கும் மீனவனுக்கு அது எதையும் சொல்வதில்லை.

ஆகவே, கல்பாக்கம், கூடங்குளம், தாராப்பூர் ஆகிய கடலோர நிலையங்கள் அனைத்துக்கும் கடல்நீர்க் குளிர்விப்பு அமைப்பை மட்டுமே பொருளாகக் கொண்ட உத்தரவு ஒன்றை வாரியம் பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புக்குரிய ஒவ்வொரு வெப்பப் பரிமாற்றியும் கடைசியாக எப்போது வெப்பக் கடத்தலுக்காகச் சோதிக்கப்பட்டது, வடிவமைப்பில் சொன்ன அளவில் எத்தனை விழுக்காட்டை அது அன்று எட்டியது என்பதை நிலையத்தார் தெரிவிக்க வேண்டும். நீரோட்ட அளவை மட்டும் தெரிவிப்பது இக்கேள்விக்கு விடையாகாது. குளோரின் இடும் அமைப்பு ஓராண்டில் எத்தனை நாள் வேலை செய்யாமல் இருந்தது, அந்த நாள்களில் என்ன மாற்று ஏற்பாடு இருந்தது என்பதும் வேண்டும். பம்பு மோட்டார்கள் நிற்கும் தளத்தின் உயரமும், இன்றைய கணக்கின்படி எதிர்பார்க்கப்படும் உச்ச வெள்ள மட்டமும் அடுத்தடுத்த இரண்டு எண்களாகத் தரப்பட வேண்டும். புயல் அலை, சுனாமி, கடல்மட்ட உயர்வு ஆகிய மூன்றில் எது அந்த மட்டத்தை நிர்ணயித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு எண்ணும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குளிர்விக்கும் நீர் எவ்வளவு சூடாக இருந்தால் உலையை நிறுத்தியாக வேண்டும் என்ற வரம்பு அது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து மில்ஸ்டோன் நிலையத்தின் இரண்டாம் உலை, கடல்நீர் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதால் நிறுத்தப்பட்டது. அந்த வரம்பு உரிமத்திலேயே எழுதப்பட்டிருந்ததால், ஏன் நிறுத்தினார்கள் என்று எவரும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. வங்காள விரிகுடா சூடேறி வருவதை நாம் அறிவோம். நம் நிலையங்களுக்கான வரம்பு என்ன, அதற்கும் கோடையில் நீர்வாங்கு முனையில் பதிவாகும் உச்ச வெப்பநிலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுவதில் என்ன தடை இருக்க முடியும்?

கூடங்குளத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்குள்ள உலைகளில், மின்சாரமும் கடல்நீரும் இல்லாமல் காற்றின் வழியே எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இருக்கிறது. அது நல்ல வடிவமைப்பு, அதை நான் மதிக்கிறேன். அதே வேளையில், இரண்டு உலைகள் இயங்க, மேலும் நான்கு உலைகள் அதே கடற்கரையில் எழுந்துகொண்டிருக்கின்றன. ஒரே கடலை நம்பி ஆறு உலைகள் நிற்கும்போது, ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் நீர் தடைப்பட்டால் என்ன ஆகும் என்பது ஓர் உலைக்குக் கேட்ட கேள்வியை ஆறால் பெருக்கினால் கிடைக்கும் கேள்வியன்று. தாய்ச்சியில் ஓர் உலைக்காக ஓட வேண்டிய ஆள்கள் பல உலைகளுக்கு இடையே ஓடவேண்டியிருந்ததை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். ஒரு பம்பு நிலையம் முழுவதும் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, பகலில் மட்டுமன்றி இரவிலும், மழைக்காலத்திலும், உண்மையான குழாய்களை உண்மையான முனைகளில் மாட்டிப் பார்க்கும் ஒத்திகைகளை வாரியம் முன்னறிவிப்பின்றி நடத்தச் சொல்ல வேண்டும்; மாட்டி நீர் பாய எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் குறித்து வெளியிட வேண்டும்.

இவற்றை வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளையும் என்று சொல்லப்படலாம். எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு, எத்தனை காவலர், எந்த வழியில் கேபிள் போகிறது என்று நான் கேட்கவில்லை. சுரங்கத்தின் ஆழத்தையும் நீளத்தையும் விட்டத்தையும் ஆய்விதழ்களில் எவரும் படிக்கலாம். அந்தச் சுரங்கத்தின் வழியே வரும் நீர் தன் வேலையைச் செய்கிறதா என்ற சோதனை முடிவு மட்டும் எப்படி இரகசியமாகும்? கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உலையை இயங்க அனுமதித்த அதே தீர்ப்பில், பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறைவேறியதைத் தங்கள் வாரியம் உள்ளிட்ட அமைப்புகள் அறிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அறிக்கை தருவது புதிய வழக்கமாகிவிடாது; அதைத் தொடர்ந்து, தாமாகவே, நீதிமன்றம் கேளாமலே தருவதுதான் புதிது.

எழுதப்படும் மொழி பற்றியும் ஒரு சொல். இடிந்தகரையிலும் சதுரங்கப்பட்டினத்திலும் வாழ்கிறவர்களுக்கு ஆங்கில அறிக்கை எட்டாது. தமிழ்நாட்டு நிலையங்களுக்கான அறிக்கையைத் தமிழிலும், தாராப்பூருக்கானதை மராத்தியிலும் வெளியிடுங்கள். வெப்பப் பரிமாற்றி என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரியாது என்று எண்ண வேண்டாம். படகு எஞ்சினின் குளிர்நீர்க் குழாயில் பாசி அடைத்து நடுக்கடலில் எஞ்சின் சூடேறி நின்ற அனுபவம் இல்லாத மீனவர் குறைவு.

இம்மடலுக்கு மறுமொழி எழுத வாரியம் மனங்கொண்டால், அதை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். எல்லோரும் படிக்கத் தங்கள் இணையதளத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விடை தர இயலாது என்பதையும் அறிவேன். முதலில் கல்பாக்கம் இரண்டாம் அலகில், கடல்நீர் பாயும் பாதுகாப்பு வெப்பப் பரிமாற்றிகளில் கடைசியாக வெப்பக் கடத்தல் சோதனை நடந்த தேதியையும், அன்று கிடைத்த அளவையும், வடிவமைப்பு அளவையும் வெளியிடுங்கள். மற்றவற்றை அதன் பின் கேட்கிறோம்.

மதிப்புடன்,
கல்பாக்கத்துக்குத் தெற்கே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியன்